50 சதுர மீட்டரில் மூன்று பேர்

கலியாண வீட்டில் சொந்தக்காரரைக் கண்டால் முதல் கேள்வி வேலையைப் பற்றி வரும். அடுத்தது வீட்டைப் பற்றித்தான். "எத்தனை ரூம்?" "ஒண்டு" என்று சொன்னவுடன் ஒரு சின்ன மௌனம். பிறகு, "பரவாயில்லை, போகப்போகப் பெரிசா எடுக்கலாம்" என்று ஆறுதல் வரும். "எனக்குச் சின்ன வீடுதான் பிடிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. தமிழ்ப் படங்கள் அந்தச் சொல்லை அப்படிக் கெடுத்து வைத்திருக்கின்றன!

நான், மனைவி, ஏழு வயது மகள். தெற்கு லண்டனில் ஒரு படுக்கையறை பிளாட், 50 சதுர மீட்டர். பழைய கணக்கில் ஏறத்தாழ 540 சதுர அடி. இங்கிலாந்தில் புதிய வீடுகளுக்கென 2015இல் வந்த இடவசதித் தரம், ஒரு படுக்கையறையில் இரண்டு பேர் இருக்கும் பிளாட்டுக்குக் குறைந்தது 50 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது. இரண்டு படுக்கையறை, மூன்று பேர் என்றால் 61. ஆக, புத்தகக் கணக்கில் எங்களுக்கு 11 சதுர மீட்டர் துண்டு விழுகிறது. ஆனாலும் வசதியாகத்தான் இருக்கிறோம்.

என் தொழில் மென்பொருள். 1961இல் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கொர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. ஆளுக்கொரு கணினி கொடுக்கவில்லை, நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கட மேசையும் அப்படித்தான். காலை எட்டு மணி வரை சாப்பாட்டு மேசை. ஒன்பது முதல் ஐந்து வரை என் அலுவலகம். ஐந்தரைக்கு மகளின் வீட்டுப்பாடம். ஏழு மணிக்குத் திரும்பவும் சாப்பாடு. ஒரே ஒரு சட்டம்: முறை மாறும்போது மேசை வெறுமையாக இருக்க வேண்டும். லப்டொப், வயர் எல்லாம் ஒரு கூடைக்குள், கூடை அலுமாரிக்குள். இரண்டு நிமிட வேலை. செய்யாவிட்டால் அன்றைக்கு முழு வீடும் குழம்பிவிடும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு இதெல்லாம் புதுசில்லை. "எங்கட வீட்டில ஆருக்குத் தனி ரூம் இருந்தது? ராவில விறாந்தையில பாய் விரிச்சா அது படுக்கையறை. விடியச் சுருட்டினா அதுவே படிக்கிற இடம்" என்பார். உண்மைதான். ஆனால் அங்கே வீட்டைச் சுற்றி வளவு இருந்தது. கிணற்றடியில் குளிப்பு, முற்றத்தில் விளையாட்டு, மாமரத்தின் கீழே கதை. வீடு சிறிது, வாழ்ந்த இடம் பெரிது.

லண்டன் பிளாட்டுக்கு வளவு இல்லை. அதனால் நாங்களே ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். எட்டு நிமிட நடையில் நூலகம், அதற்குப் பக்கத்தில் பார்க், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் நீச்சல் குளம். மழையோ குளிரோ, தினமும் ஒரு மணி நேரம் மகள் வெளியே போக வேண்டும். அவளின் கதைப் புத்தகங்களில் முக்கால்வாசி நூலகத்தில்தான் இருக்கின்றன. எங்கள் அலுமாரியில் இடம் பிடிப்பதில்லை.

எங்களுக்கு இடத்தை விடப் பெரிய பிரச்சினை ஈரம். சோறு அவிகிற ஆவி, காயப்போட்ட உடுப்பு, மூன்று பேரின் மூச்சு எல்லாம் குளிர்ந்த யன்னலில் தண்ணீராகப் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் சுவரில் பூஞ்சணம். அதனால் சட்டியை மூடிச் சமைப்போம். குசினி ஃபான் சமைத்து முடிந்தும் 20 நிமிடம் ஓடும். காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் யன்னல்களைத் திறப்போம். உடுப்பு குளியலறையில் காயும், கதவு சாத்தி, ஈரம் உறிஞ்சும் மெஷினோடு. வெளிச்சுவரில் அலுமாரியை ஒட்டி வைப்பதில்லை. மீன் குழம்பு வைக்கும் நாளில் கோட் எல்லாம் படுக்கையறைக்குள் போய்விடும்.

அந்த ஒரு படுக்கையறையை மகளுக்குக் கொடுத்துவிட்டோம். நாங்கள் ஹோலில், சோபா கட்டிலில். "பிள்ளைக்கு ரூம், உங்களுக்குச் சோபாவோ?" என்று மச்சாள் சிரித்தாள். எட்டு மணிக்கு மகள் படுத்த பிறகு நாங்கள் லைட் போட்டிருக்கலாம், கதைக்கலாம், படம் பார்க்கலாம். அதைவிட முக்கியம், சாத்திக்கொள்ள அவளுக்கு ஒரு கதவு இருக்கிறது. போன மாதம் அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: "தட்டிட்டு வாங்கோ." தட்டித்தான் போகிறோம்.

எனக்கும் மனைவிக்கும் அப்படி ஒரு கதவு இல்லை. கோபம் வந்தால் போயிருக்க இன்னொரு அறை கிடையாது. "ஒரு ரவுண்ட் நடந்திட்டு வாறன்" என்றால் மற்றவர் ஒன்றும் கேட்கக்கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. சில கிழமைகளில் நான் நிறைய நடந்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் கிடைக்கிற பலன் என்ன? வாடகையில் மிச்சம் பிடிப்பது ஒன்று. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. நான் இங்கே பிறந்தவன். மூன்று படுக்கையறை வீட்டில் வளர்ந்தேன். அம்மாவும் அப்பாவும் கீழே குசினியில் தமிழில் கதைப்பார்கள். மேலே என் அறையில் இங்கிலீஷ் டீவி. எனக்குத் தமிழ் சனிக்கிழமைப் பாடமாகத்தான் வந்தது. இந்த வீட்டில் அம்மா ஸ்பீக்கரில் எடுத்தால் மூன்று பேரும்தான் கேட்க வேண்டும். யாருக்குச் சுகமில்லை, யார் வீட்டுச் சாமத்தியச் சடங்கு, எல்லாம் மகளுக்குத் தெரியும். "அம்மம்மாக்கு முழங்கால் ஏலாதாம்" என்று போன கிழமை எனக்கே செய்தி சொன்னாள். "ஏலாது" என்ற சொல்லை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எப்போதும் இப்படியே இருப்போம் என்று சொல்ல வரவில்லை. மகள் பதினொரு வயதில் செக்கண்டரி போவாள். எங்களுக்கும் சோபா கட்டிலில் முதுகு பிடிக்கிறது. அதற்குள் இரண்டு அறை வீடு ஒன்று பார்ப்போம். மூன்று வேண்டாம்.

பெரிய வீட்டுக்கு 30, 35 வருட மோட்கேஜில் கையெழுத்து வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை. இப்போது இருக்கிற வீட்டில் ஒவ்வோர் அறையிலும் ஒரு தாள் ஒட்டி, ஒரு கிழமைக்கு யார் எத்தனை மணி நேரம் அங்கே இருந்தீர்கள் என்று குறித்துப் பாருங்கள். எந்த அறை போதவில்லை, எது சும்மா கிடக்கிறது என்று அந்தத் தாளே சொல்லும்.