வானம் உரைப்பதும் நாம் உரைப்பதும்

ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு ஒரு பழக்கம் உண்டு. கல்வியாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, இன்னார் தேறுவார், இன்னார் தேறார் என்று வகுப்பை இரு கூறாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஆசிரியர் அறையில் தேநீர் அருந்தியவாறே அதனை வெளிப்படச் சொல்லவும் செய்வோம். தேர்வு முடிவு வரும் நாளில், "நாம் அன்றே சொன்னோம் அல்லவா?" என்று நிமிர்ந்து அமர்வோம். இந்தக் கணிப்புத் திறத்தில் நமக்குப் பெருமிதம் மிகுதியாக இருந்தது. அதனைக் கலைத்தது நூலோ கருத்தரங்கமோ அன்று. கடல் கடந்த ஒரு புல்வெளி நாட்டின் இடிமழைக் காலமாகும். அந்த அனுபவத்தை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

2019ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில், அமெரிக்க நாட்டின் ஓக்லஹோமா மாநிலத்து நார்மன் நகரில் வாழும் நம் தம்பியின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தம்பி வானிலையியல் பயிலச் சென்று, அத்துறையிலேயே பணியேற்று, மனைவி மகளோடு அங்கேயே தங்கிவிட்டவர். ராக்கி மலைத்தொடரின் கிழக்கே, தெற்கில் டெக்சாஸ் முதல் வடக்கில் கனடாவின் சஸ்காட்செவன், மனிடோபா மாநிலங்கள் வரை விரிந்து கிடக்கும் சமவெளி அது. பிரெய்ரி என்று அழைக்கப்பெறும் புல்வெளி அங்கு ஒரு காலத்தில் கண்ணெட்டும் வரை பரந்திருந்தது. இன்று அதன் பெரும்பகுதி உழவு நிலமாகிவிட்டது. நாம் சென்ற மே மாதத்தில் செம்மண் நிலமெங்கும் கோதுமை பழுத்து நின்றது. மலை இல்லை, காடு இல்லை, பார்வையைத் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. நிலத்தைவிட வானமே பெரிதாகத் தோன்றும் நாடு அது.

சென்றிறங்கிய வாரத்தின் சனிக்கிழமை நண்பகலில், ஊர் முழுவதும் சங்கொலி எழுந்தது. நாம் திடுக்கிட்டு எழுந்தோம். தம்பி மகள், எட்டு வயதுச் சிறுமி, சிரித்தாள். "பயப்படாதீங்க பெரியத்தா, இது சும்மா டெஸ்ட்" என்றாள். டொர்னாடோ எனும் கொடிய சுழற்காற்று வருங்கால் மக்களை எச்சரிக்கும் கருவி பழுதின்றி இருக்கின்றதா என்று வாரந்தோறும் சோதித்துப் பார்ப்பார்களாம். பின்னர் அவள் நம் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, கார் நிறுத்தும் அறையின் தரையில் பதித்திருந்த இரும்புக் கதவைத் திறந்து காட்டினாள். கீழே நால்வர் நெருங்கி அமரும் அளவில் ஒரு நிலவறை. அதில் தண்ணீர்ப் புட்டிகளும் ஒரு கைவிளக்கும் அவளுடைய பழைய பொம்மை ஒன்றும் இருந்தன.

இளவேனிற்காலத்தில் இந்நிலத்தின் மீது இத்தகைய சீற்றம் எழுவது ஏன் என்று தம்பியிடம் வினவினோம். அவர் அளித்த விளக்கம் எளிமையானது. தெற்கேயுள்ள மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் மிக்க காற்று தரையை ஒட்டி வடக்கே ஏறுகின்றது. தென்மேற்கே மெக்சிகோவின் உயர்ந்த மேட்டுநிலத்திலிருந்து வறண்ட வெங்காற்று அதற்கு மேலே வந்து படிகின்றது. அதற்கும் மேலே மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று விரைந்தோடுகின்றது. நடுவிலுள்ள வெங்காற்று, உலைப்பானையின் மேல் வைத்த மூடி போன்றது. மூடி இல்லாவிடில், சிறுசிறு மேகங்கள் காலையிலேயே ஆங்காங்கே எழுந்து மழையாகி ஓய்ந்துவிடும். மூடி மிக வலிதாயின் நாள் முழுவதும் வெயில் காய்ந்து, மேகமே எழாது போகலாம். பிற்பகல் வரை அடக்கி வைத்து, மாலையில் ஓரிடத்தில் மட்டும் மூடி திறக்குமாயின், அடங்கியிருந்த ஆற்றலெல்லாம் ஒரே மேகத்தின் வழியே மேலெழும். தரைக்காற்று ஒரு திசையிலும் மேற்காற்று மற்றொரு திசையிலும் வீசுவதால் அம்மேகம் பம்பரம் போல் சுழலத் தொடங்கும். பெரிய ஆலங்கட்டிகளும் டொர்னாடோவும் பெரும்பாலும் இத்தகைய மேகத்திலிருந்தே பிறக்கின்றன. ஈரக்காற்றும் வறள்காற்றும் சந்திக்கும் எல்லையை வறள்கோடு என்கின்றனர். அது எங்கே நிற்கும், மூடி எப்போது திறக்கும் என்பதே கணிப்பாளரின் அன்றாடக் கவலை.

அவ்வூரில்தான் அந்நாடு முழுமைக்கும் கடும்புயல் முன்னறிவிப்பு வழங்கும் மையம் 1997 முதல் இயங்கி வருகின்றது. ஒருநாள் மாலை, அந்த மையம் அமைந்துள்ள வளாகத்திலிருந்து ஒரு பெரிய பலூன் வானில் ஏறுவதைக் கண்டோம். அதன் கீழே தொங்கும் சிறு கருவி, ஏறிச்செல்லும் வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் அளந்து அனுப்புகின்றது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆபத்து மிகுந்த நாள்களில் கூடுதலாகவும் ஏற்றுவர். ரேடாரும் செயற்கைக்கோளும் கணிப்பொறியும் வந்த பின்னும், அந்த மூடியின் வலிமையை அளக்க இன்னமும் பலூனை நம்பியிருக்கின்றார்கள் என்பது நமக்கு வியப்பளித்தது.

மே 20ஆம் நாள் திங்கட்கிழமை. ரமலான் மாதமாதலால் பின்னிரவில் சஹர் உணவுக்கு எழுந்திருந்தோம். தம்பியின் கண் உணவில் இல்லை. கைப்பேசியில் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளுக்கு, ஐந்து படிநிலைகளுள் மிக உயர்ந்ததாகிய உச்ச ஆபத்து நிலை மேற்கு டெக்சாஸ், ஓக்லஹோமா ஆகியவற்றின் சில பகுதிகளுக்கு அறிவிக்கப்பெற்றது. ஓக்லஹோமா நகரைச் சுற்றிலும் பல பள்ளிகள் விடுமுறை விட்டன. இடி இடிக்கும் என்பதற்காகப் பள்ளிக்கு விடுமுறையா என்று நாம் வியந்தோம். தம்பி சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அண்ணே, இதே மே 20தான், 2013ல. பள்ளிக்கூடம் நடந்துக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

அன்று நார்மனுக்கு வடக்கே அடுத்துள்ள மூர் நகரை ஒரு பெரும் டொர்னாடோ தாக்கியது. அது தரையைத் தொடுவதற்கு 16 நிமிடங்களுக்கு முன்பே எச்சரிக்கை வழங்கப்பட்டிருந்தது. எனினும் 24 உயிர்கள் மாண்டன. அவர்களுள் எழுவர் ஒரே தொடக்கப்பள்ளியில் இருந்த குழந்தைகள். வடக்கு வானில் கரிய சுவர் ஒன்று நகர்ந்து செல்வதைத் தாம் பணியிடத்து வாயிலில் நின்று கண்டதாகத் தம்பி கூறினார். அப்போது அவருடைய மகளுக்கு இரண்டு வயது. அதற்குமேல் அவரும் கூறவில்லை, நாமும் வினவவில்லை.

அன்று பகல் முழுவதும் வீட்டில் காத்திருந்தோம். நிலவறையின் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். மேகம் திரண்டது, மழை கொட்டியது, மின்னல் ஓயவில்லை. எட்டரை மணி அளவில் நோன்பு துறந்தோம். மேற்கே மேங்கம் என்னும் சிற்றூரில் ஒரு டொர்னாடோ சேதம் விளைத்தது. பல இடங்களில் வெள்ளம் பெருகியது. ஆயினும் அஞ்சியபடி, நெடுந்தொலைவு ஓடி ஊர்களை அழிக்கும் பெருஞ்சுழல்கள் தோன்றவில்லை. நம் தெருவில் ஒரு மரக்கிளைகூட முறியவில்லை.

மறுநாள் காலையில் சிறுமி கேட்டாள்: "பெரியத்தா, அவங்க பொய் சொல்லிட்டாங்களா?"

நமக்கும் அந்த ஐயமே இருந்தது. தம்பிதான் விடை கூறினார். ஓரிடத்தைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் டொர்னாடோ தோன்ற 30 விழுக்காடு வாய்ப்பும், அது கொடியதாகும் அறிகுறியும் இருந்தாலே உச்ச ஆபத்து அறிவிக்கப்படுமாம். "முப்பதுன்னு சொன்ன நாள் நூறு இருந்தா, முப்பது நாள் வரணும், எழுபது நாள் வராமலும் இருக்கணும். நூறு நாளும் வந்துட்டாதான் அவங்க சொன்னது தப்பு" என்றார். சிறுமிக்கு அது புரிந்ததோ இல்லையோ, நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்பதை எண்ணாகவே எழுதி ஊரறியக் கொடுக்கும் நேர்மையை நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று மாலை அவர் கூறிய பழைய வரலாறு இன்னும் ஆழமாகத் தைத்தது. 1884இல் அமெரிக்க இராணுவத்தின் வானிலைப் பிரிவிலிருந்த ஜான் ஃபின்லி என்பார், டொர்னாடோ வரும், வாராது என்று வட்டாரந்தோறும் கணித்து, தம் கணிப்புகள் 2,803இல் 96.6 விழுக்காடு சரியாயின என்று வெளியிட்டார். அதே ஆண்டில் கில்பர்ட் என்னும் நிலவியல் அறிஞர் அதன் குறையை எடுத்துக்காட்டினார். ஃபின்லி 'வரும்' என்றது 100 முறை. வந்தது 28 முறை. எஞ்சிய வெற்றியெல்லாம் 'வாராது' என்று சொன்னதில் பெற்றவை. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு எல்லா நாளும் 'வாராது' என்றே சொல்லியிருந்தால் அவனுக்கு 98.2 விழுக்காடு வெற்றி கிட்டியிருக்கும்! அவ்வெற்றியால் ஓர் உயிரும் காக்கப்படாது.

அதன் பின் நெடுங்காலம், மக்கள் அஞ்சி ஓடுவர் என்று கருதி, டொர்னாடோ என்னும் சொல்லையே முன்னறிவிப்பில் ஆளாதிருந்தது அந்நாட்டு வானிலைத் துறை. 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னாடோ நாசமாக்கியது. ஐந்து நாள் கழித்து அதேபோன்ற வானிலை அமைந்தபோது, ஃபாபுஷ், மில்லர் என்னும் இரு அலுவலர்கள் தயக்கத்தோடு டொர்னாடோ வரக்கூடும் என்று அறிவித்தனர். விமானங்கள் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டன. அன்று மாலையே அதே தளத்தை மீண்டும் டொர்னாடோ தாக்கியது. இன்றைய முன்னறிவிப்புகள் யாவும் அந்தத் தயக்கம் நிறைந்த துணிவின் வழிவந்தவை எனலாம். பொய்த்துவிடுமோ என்று அஞ்சி அவர்கள் வாய்மூடி இருந்திருக்கலாம். பொய்த்தால் பழி தம்மைச் சேரும், வாய்மூடி இருந்தால் இழப்பு பிறரைச் சேரும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

ஃபின்லியின் கணக்கைக் கேட்ட இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. நம் நினைவில் ஒரு மாணவன் வந்து நின்றான்.

பல்லாண்டுகளுக்கு முன்பு, நாம் பணியில் சேர்ந்த புதிதில், அவன் இளங்கலை முதலாண்டு பயின்றான். முதற்பருவத் தேர்வில் மூன்று தாள்களில் தோற்றிருந்தான். அவனுடைய தந்தையார் கல்லூரிக்கு வந்து, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "தேறிடுவானா ஐயா?" என்று கேட்டார். நாம் ஒரு நொடியும் எண்ணிப் பார்க்காமல், "தேற மாட்டான். வேறு வேலையில் போடுங்கள்" என்றோம். அடுத்த வாரம் முதல் அவன் வகுப்புக்கு வரவில்லை. நம் கணிப்பு பலித்தது என்றே அந்நாளில் எண்ணினோம். பின்தங்கிய பிள்ளைகளையெல்லாம் 'தேறார்' என்று சொல்லிவந்த நம் வெற்றி விழுக்காடும் ஃபின்லியின் விழுக்காட்டைப் போன்றதே என்று இப்போது விளங்கியது.

ஊர் திரும்பியதும் அவனைத் தேடிச் சென்றோம். இரும்புச் சாமான் கடை ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான், தேநீர் வரவழைத்தான். நாம் அன்று சொன்னது தவறு என்று சொல்லி வருத்தம் தெரிவித்தோம். அவன் கோபிக்கவில்லை. குறடு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவாறே, "அத்தா மட்டும் இல்லீங்க ஐயா, நானும் அதத்தான் நம்புனேன்" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு இன்றளவும் நம்மிடம் விடை இல்லை. மேகத்திற்குச் செவி இல்லை. கணிப்பாளர் 30 என்றாலும் 90 என்றாலும் அது தன் போக்கிலேயே திரளும். தன் போக்கிலேயே கலையும். அதற்கே அவர்கள் அத்துணை அளந்து, பலூன் ஏற்றி, தயங்கித் தயங்கிப் பேசுகின்றார்கள். மாணவனுக்கோ செவி உண்டு. நாம் உரைத்ததைக் கேட்டு, அவ்வாறே ஆகிவிடவும் அவனால் இயலும். அப்படியாயின் நாம் எத்துணை அளந்து பேச வேண்டும்!

இப்போதும் பெற்றோர் வந்து அதே வினாவைக் கேட்கின்றனர். ஆபத்து இருப்பின் மறைப்பதில்லை, மறைப்பதும் தீங்கே. எந்தத் தாளில் குறை, எத்தனை வாரம் எஞ்சியுள்ளது, எந்த மாலையில் நம்மிடம் வந்து பயிலலாம் என்பவற்றைச் சொல்கின்றோம். தேறுவானா என்றால், தெரிந்த அளவைச் சொல்லி, தெரியாத அளவையும் உடன் சொல்கின்றோம். எச்சரிக்கையோடு நில்லாமல், இறங்கி அமர ஒரு நிலவறையையும் காட்ட வேண்டும் என்பதை அந்த எட்டு வயதுச் சிறுமியிடம் கற்றுக்கொண்டோம்.