கணக்கில் ஏறாத கூலி



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். தொழில் செய்கிறவர்களும், இனிமேல் தொடங்கப் போகிறவர்களும் ஒரு டீயை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கம் கணக்கு எழுதுவது என்றாலே ஆடிட்டர் ஞாபகம்தான் வரும். ஜிஎஸ்டிக்கு ஒரு கணக்கு, பேங்கில் லோன் கேட்க ஒரு கணக்கு. இரண்டுமே அடுத்தவருக்குக் காட்ட எழுதுவது. அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க நமக்காக நாமே எழுதிப் பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான், மற்றதை எழுதச் சம்மதித்தான். மடத்துக்குளத்தில் எட்டு மெஷின் போட்டு, திருப்பூர் கம்பெனி ஒன்றுக்கு டீ-ஷர்ட் ஜாப் ஒர்க் செய்கிறான். கட்டிங் ஆன துணியை வாங்கி வந்து தைத்து, செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடித்துக் கொடுக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் ஒரு நாள் சாயங்காலம் நோட்டோடு வீட்டுக்கு வந்தான்.

"டீச்சர், இருபது மெஷின்ல இன்னொரு யூனிட் போடப் போறனுங்க. அம்மா பேர்ல இருக்கற தோப்பை பேங்க்ல வெச்சு பன்னெண்டு லட்சம், மாமா எட்டு லட்சம் தர்றேன்னுட்டாருங்க. வட்டி வேண்டாம்னுட்டாரு. அம்மாதான் உங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அந்தத் தோப்பு அந்த அம்மாவுக்கு இருக்கிற ஒரே சொத்து. அதனால் நானும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் படித்தது ஆசிரியர் பயிற்சி மட்டும்தான். வணிகவியல், பொருளியல் எல்லாம் என் மகளின் பி.காம் புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டவை. ஆனால் அன்றைக்குத் தேவைப்பட்டது ஏழாம் வகுப்புக் கணக்குதான்.

அவன் கணக்கு இது. ஒரு பீஸுக்குக் கம்பெனி தருவது 28 ரூபாய். பீஸ் ரேட் கூலி 19, தையல் நூல், ஊசி, கரண்டுக்கு 2, ஆக 21 போனால் மிச்சம் 7. மெஷினுக்கு மாதம் 1,000 பீஸ் வீதம் 20,000 பீஸ். ஏழால் பெருக்கினால் 1,40,000. அதில் வாடகை 30,000, வண்டி 15,000, சூப்பர்வைசருக்கும் கணக்குப் பிள்ளைக்கும் 25,000, பேங்க் வட்டி 12,000 போக, கையில் மாதம் 58,000. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை.

"மெஷினுக்கு 1,000 பீஸ்ங்கறதை எங்கிருந்து எடுத்தே கண்ணு?"

"இப்ப எட்டு மெஷின்ல மாசம் 8,000 ஓடுதுங்க டீச்சர்."

"மனசுல இருக்கறதைச் சொல்லாதே. டெலிவரி சலான் எடுத்துட்டு வா."

மறுநாள் ஒரு வருஷ சலான்களைக் கொண்டு வந்தான். மாதவாரியாகக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக எழுதினோம். ஆயிரம் பீஸ் கணக்கில்: 9, 9, 8, 8, 8, 7, 7, 6, 6, 4, 3, 3. கூட்டினால் 78. பன்னிரண்டால் வகுத்தால் 6.5. தீபாவளி முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பாத மாதம், கம்பெனியில் ஆர்டர் இல்லாத மாதம் எல்லாம் அவன் மனதிலிருந்து நழுவிவிட்டன. அடிக்கடி வந்த எண் 8, அதுதான் நின்றது.

என்னிடம் படித்தவர்களுக்குச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். இந்த வரிசைக்குச் சராசரி 6.5, இடைநிலை அளவு 7, முகடு 8. மூன்றும் சரியான விடைதான். ஆனால் வருஷ வருமானத்தைக் கணக்கிட வேண்டுமானால் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். அவன் முகட்டை எடுத்துக்கொண்டு இருபது மெஷினுக்குப் பெருக்கிவிட்டான். சராசரிப்படி 16,250 பீஸ்தான் வரும். 58,000 என்பது 31,750 ஆகிவிட்டது.

"பரவாயில்லீங்க டீச்சர், அதுவும் லாபந்தானுங்களே" என்றான்.

அடுத்து, நோட்டில் இல்லாத செலவுகளைக் கேட்டேன்.

மாமா தரும் எட்டு லட்சத்துக்கு வட்டி இல்லை. ஆனால் அதே பணம் பேங்க் டெபாசிட்டில் 7 சதவீதத்துக்குக் கிடந்தால் வருஷம் 56,000, மாதம் சுமார் 4,700 வரும். அது மாமா விட்டுக்கொடுப்பது. இவன் வாங்கவில்லை என்பதால் அது செலவு இல்லை என்று ஆகாது. மெஷினும் மற்றச் சாமான்களும் 14 லட்சம். பத்து வருஷத்தில் தேய்ந்து போனால் மாதம் 11,700. அவன் வீட்டுக்காரம்மா ஒரு கம்பெனி ஆபீஸில் 14,000 சம்பளத்துக்குப் போகிறது. அந்த வேலையை விட்டுவிட்டுப் புது யூனிட்டில் செக்கிங் பார்ப்பதாகத் திட்டம். சம்பளம்? "வீட்டாளுதானுங்களே!" அடுத்து அவனுடைய நேரம். இவனை வெளியே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகக் கூப்பிட்டால் 30,000 தருவார்கள். பாதி நேரம் புது யூனிட்டுக்குப் போகும் என்றால் 15,000.

நான்கையும் கூட்டினால் 45,400. கையில் நிற்பதாக இருந்தது 31,750. ஆக மாதம் 13,650 ரூபாய் குறைகிறது.

புத்தகத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஒன்றைச் செய்வதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோமோ, அதன் மதிப்பு. பெயர் புதிதாக இருந்தாலும் விஷயம் நம் விவசாயிகளுக்குப் பழையது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்காக மத்திய அரசின் ஆணையம் செலவைப் பல விதமாகக் கணக்கிடுகிறது. கையை விட்டுப் போன காசு ஏ2. வீட்டார் உழைப்பையும் சேர்த்தால் ஏ2 பிளஸ் எஃப்.எல். சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலின் வட்டியும் சேர்ந்தால் சி2. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான ஆணையம் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்துத் தரச் சொன்ன பிறகு, சி2-வைத்தான் எடுக்க வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கின்றன. கரும்பும் நெல்லும் போடுகிற நம் சொந்தங்கள் "எங்க உழைப்பையும் கணக்குல சேருங்க" என்று அரசாங்கத்திடம் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. அதே வீட்டுப் பிள்ளை பனியன் தொழிலுக்குப் போனால் அம்மா, பெண்டாட்டி உழைப்பைத் தானே கணக்கில் விட்டுவிடுகிறானே!

இது இவன் ஒருவனுடைய பழக்கமும் இல்லை. அபிஜித் பானர்ஜி, 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர், கைவன் முன்ஷியோடு சேர்ந்து நம் திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தப் பகுதியைச் சேர்ந்த முதலாளிகளுக்குச் சொந்தபந்தத்தில் பணம் எளிதாகக் கிடைப்பதால், அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களைவிட அதிகமாக முதல் போட்டார்கள். குறைந்த முதலில் தொடங்கிய வெளியாட்களோ சில ஆண்டுகளில் உற்பத்தியில் அவர்களை முந்திவிட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். சொந்தத்தில் கிடைக்கிற பணத்தை "நீ எவ்வளவு சம்பாதித்துத் தருவாய்" என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிற பழக்கம் வேண்டும்.

அடுத்தது கைமுதல். கூலி சனிக்கிழமை தோறும் கொடுத்தாக வேண்டும். கம்பெனிப் பணம் வருவது 75 நாள் கழித்து. மாதச் செலவு 4 லட்சத்துக்கு மேல், இரண்டரை மாதத்துக்கு 10 லட்சம் வேண்டும். இவன் ஒதுக்கியது 4 லட்சம். முதல் மாதம் முடிவதற்குள் கை காய்ந்துவிடும். லாபக் கணக்கு நன்றாக இருந்தும் யூனிட்டை மூடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

இதைக் கேட்டதும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, "ஷெட்டுக்கு 50,000 அட்வான்ஸ் குடுத்துட்டனுங்க டீச்சர். இப்ப வேண்டாம்னா அது போயிடுமுங்க" என்றான்.

"யூனிட் போட்டா அந்த 50,000 திரும்பி வருமா? ரெண்டு பக்கமும் போனதுதான். போன காசைத் தராசுல வைக்காதே. இனிமே போற காசை மட்டும் வை." சொல்வது எனக்குச் சுலபம், அவனுக்குத்தான் வலி. ஆனால் 50,000-க்காகத் தோப்பை வைப்பது சரியாகாது.

இருக்கிற எட்டு மெஷினிலேயே என்ன செய்யலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். மூன்று வழிகள் தெரிந்தன.

முதலாவது, ஆர்டர் இல்லாத மாதம். பீஸுக்கு ஆகும் செலவு 21. ஆட்கள் சும்மா இருக்கும் மாதத்தில் 24 ரூபாய்க்கு ஆர்டர் வந்தாலும் எடுக்கலாம். மூன்று ரூபாய் வாடகைக்காவது உதவும். ஆனால் 28 ரூபாய் ஆர்டர் நிறைந்திருக்கும் மாதத்தில் 27 ரூபாய் ஆர்டரை உள்ளே விட்டால்கூட பீஸுக்கு ஒரு ரூபாய் நட்டம். ஒரே ரேட்டை ஒரு மாதம் எடுக்கலாம், ஒரு மாதம் விட வேண்டும். "24-க்கு எவன் தைப்பான்" என்று எப்போதும் சொல்வதும் தப்பு, எப்போதும் ஒத்துக்கொள்வதும் தப்பு.

இரண்டாவது, செக்கிங். ஏற்றுமதி ஆர்டரில் ஏ.க்யூ.எல் 2.5 என்று ஒரு முறை உண்டு. 10,000 பீஸ் லாட்டில் 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை உள்ளவை 10 வரை இருந்தால் பாஸ், 11 ஆனால் லாட் திரும்பும். தைப்பதில் நூற்றுக்கு 3 குறை இருந்தால் 200-இல் சராசரியாக 6 சிக்கும், இருபத்தைந்து லாட்டில் ஒன்றுதான் திரும்பும். குறை 5 ஆனால் சராசரியாக 10 சிக்கும், பத்து லாட்டில் நான்கு திரும்பிவிடும். குறை இரண்டு மடங்குகூட முழுதாக ஏறவில்லை, இரண்டு சதவீதம்தான். திரும்புவதோ பத்து மடங்கு! ஒரு லாட் திரும்பினால் மறுபடி பிரித்துப் பார்த்துக் கட்ட 20,000 ஆகிறது. அப்படியானால் 5-இல் லாட்டுக்குச் சராசரி 8,000 போகும், 3-இல் 800 போகும். கூடுதலாக ஒரு செக்கிங் அக்காவைப் போட்டால் லாட்டுக்கு 5,400 கூலி. மிச்சப்படுவது 7,200. போடலாம். "செக்கிங்குக்கு ஆள் வெச்சா தண்டச் செலவு" என்று அதுவரை நினைத்திருந்தான்.

மூன்றாவது, 75 நாள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். வருமான வரிச் சட்டத்திலும் இதற்கு ஒரு பிடி போட்டிருக்கிறார்கள். அந்த நாளுக்குள் தராத தொகையை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். இதற்கு உத்யம் பதிவு வேண்டும். இவன் பதிவே செய்யாமல் இருந்தான். செய்தான். சண்டை போடாமல், பில்லில் பதிவு எண்ணை அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் பேசச் சொன்னேன். 75 நாள் 50 நாளாக வந்திருக்கிறது. முழுதாகச் சட்டப்படி இல்லை, ஆனாலும் இருபத்தைந்து நாள் கூலி கையில் நிற்கிறது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது உங்களுக்குத் தெரியும். "டீச்சர் முன்னாடியே சொல்லிட்டாங்க" என்று அவன் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. கணக்கு ஜோசியம் பார்க்காது. நான் போட்டுக் காட்டியது ஒன்றுதான்: புது யூனிட்டில் ஒரு பீஸ்கூடத் தைக்காவிட்டாலும் மாதம் 82,000 கட்ட வேண்டும், அதற்கே 11,700 பீஸுக்கு மேல் ஓட வேண்டும், நோட்டில் இல்லாத அந்த நான்கு செலவுகளையும் சேர்த்தால் 18,200. சராசரியோ 16,250. ஆர்டர் நன்றாக வந்திருந்தாலும் இந்த எண்கள் மாறியிருக்காது.

பெரிதாக வளரவே கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். தாராளமாக வளருங்கள். திருப்பூரே ஒரு மெஷின், இரண்டு மெஷின் போட்டவர்களால் வளர்ந்த ஊர்தான். அவனும் இப்போது சொந்தச் சேமிப்பில் நான்கு மெஷின் சேர்த்திருக்கிறான். வீட்டுக்காரம்மா வேலையை விடவில்லை. தோப்புப் பத்திரம் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

யாராவது அம்மா பேரில் இருப்பதை வைக்கலாமா, மனைவி வேலையை விடச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், முதலில் அவர்களுக்கு உரிய கூலியையும் வட்டியையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரு வருஷ சலானை எடுத்துச் சராசரி போடுங்கள். அதற்குப் பிறகும் லாபம் நின்றால் தைரியமாக இறங்குங்கள்.

தனியாகப் போடத் தயக்கமாக இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. சலானை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள், மனதில் இருக்கிற எண்ணோடு வராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மடத்துக்குளம்