கொல்லிமலைக் காட்சி

நாமக்கல் சமவெளியினின்று நாடோறும் நோக்கி மகிழ்ந்த கொல்லிமலையைக் காண, ஒரு விடுமுறை நாளில் யாம் புறப்பட்டோம். 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, வல்வில் ஓரி ஆண்ட மலைநாட்டை அடைந்தோம். தேவாரத்தில் பெயர்பெற்ற அறப்பளீசுவரர் ஆலயத்தைக் கண்டபின், ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகளிறங்கி, ஐயாறு ஏறக்குறைய 300 அடி உயரத்தினின்று வீழும் ஆகாயகங்கை அருவியின் எழிலில் மூழ்கினோம்.

மீண்டும் படியேறிப் பசியால் வாடிய எமக்கு மலையாளிப் பாட்டி ஒருத்தி சாமைச் சோறு படைத்தாள். காசு கொள்ள மறுத்தாள்.

“முன்பெல்லாம் எங்கும் சாமைதான் விளையும், பிள்ளைகளே! இப்பொழுது மரவள்ளியே மிகுதி, எமக்கென்று சிறிதே விதைக்கிறோம்” என்றாள்.

அம்மரவள்ளி எம் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கன்றோ இறங்குகின்றது! அச்சிறிதிலும் யாம் பங்குண்டோமே என்று நாணினோம். அருவியின் ஓசை மறந்தாலும் அச்சோற்றின் சுவை எம்மை விட்டு நீங்காது.