எந்தப் பதிப்பை வாங்குவது?

பாடகர் குழுவுக்கு இசைத்தாள் வாங்கும்போது பலரும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, பதிப்பாசிரியர் யார் என்பதை. இசையமைப்பாளர் ஹாண்டெலின் 'மெசாயா' என்ற இசைப்படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1741-இல் எழுதி முடித்த பிறகும், கிடைத்த பாடகர்களுக்கேற்ப அவர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். பாஸ் குரலுக்கு எழுதிய ஒரு பாடலை 1750-இல் குவாதாஞ்ஞி என்ற பாடகருக்காக ஆல்ட்டோவுக்கு மாற்றி எழுதினார். 1789-இல் மோட்சார்ட் புல்லாங்குழல், கிளாரினெட், ஹார்ன் எல்லாம் சேர்த்தார். 1902-இல் வெளியான எபனேசர் பிரௌட் பதிப்பிலும் ஹாண்டெல் எழுதாத வாத்தியப் பகுதிகள் உண்டு. வாட்கின்ஸ் ஷா தொகுத்த நொவெல்லோ பதிப்போ மூலப்பிரதிகளை ஒப்பிட்டு, மாற்று வடிவங்களையும் தருகிறது. பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்த 'மெசாயா'வைப் பாடப்போகிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். காப்புரிமை முடிந்தவை என்பதால் அவற்றில் பல பழைய பதிப்புகளே. தனியாகப் படித்துப்பார்க்க அவை போதும். ஆனால் ஒத்திகையில் ஆளுக்கொரு பதிப்பு இருந்தால், நடத்துநர் பக்க எண்ணைச் சொன்னதும் ஆளுக்கொரு பக்கத்தைப் புரட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே பதிப்பை வாங்கி, மூச்சு எடுக்கும் இடத்தைப் பென்சிலில் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு பாடவரும் புதியவருக்கும் அதே தாள் உதவும். செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல பதிப்பு பல ஆண்டுகள் உழைக்கும். பணம் குறைவென்றால் படைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பதிப்பின் தரத்தைக் குறைக்காதீர்கள்.