எங்கள் குட்டித் தேர்

நீங்கள் ஏரியின் மேல் நடந்திருக்கிறீர்களா? கரையில் இல்லை, ஏரியின் மேலேயே!

நியூ ஜெர்சியில் ஹோபாட்காங் என்று ஓர் ஏரி இருக்கிறது. இந்த மாநிலத்திலேயே பெரிய ஏரி அதுதான். நல்ல குளிர் அடிக்கும் வருடங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அது உறைந்துவிடும். அப்போது பலர் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, தூண்டில் விட்டு மீன் பிடிப்பார்கள். என் கணவர், ஒன்பது வயது மகள், நான் மூன்று பேரும் போவோம். தெளிவான, கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 4 அங்குல கனம் இருக்க வேண்டும். பெரியவர்கள் அளந்து பார்த்த பிறகுதான் அதில் கால் வைக்கலாம்.

ஏரி நடுவில் காற்று ஊசி மாதிரி குத்தும். அதனால் ஒரு கூடாரம் வேண்டும். எங்கள் கூடாரம் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஸ்லெட்டோடு சேர்ந்தே இருக்கும். குழந்தை வண்டியின் மூடியைப் போல இழுத்து விரித்தால் போதும், கூடாரம் ரெடி! அந்த ஸ்லெட்டில்தான் துளைபோடும் கருவி, வாளி, நாற்காலி, சாப்பாடு எல்லாம் ஏற்றுவோம்.

ஆனால், இழுக்க வேண்டுமே! ஸ்லெட்டின் அடிப்பாகம் அகலம். ஈரப்பனி அதில் ஒட்டிக்கொள்ளும். போட்டோவைப் பார்த்த பாட்டி போனில் சிரித்தார்: "என்னடி இது, திருவாரூர்த் தேர் மாதிரி இருக்கு!"

ஊர் கூடினால் தேர் நகரும். நாங்கள் மூன்று பேர்தான். இழுத்து இழுத்து வியர்த்துவிடும். குளிரில் வியர்ப்பது ஆபத்து. நின்றதும் ஈரத் துணி உடம்புச் சூட்டை எல்லாம் எடுத்துவிடும். ஒரு நாள் என் மகள், "அம்மா, மீன் பிடிக்கப் பிடிக்கும். இதை இழுக்கப் பிடிக்கலை. நான் இனிமே வரலை" என்றாள்.

என் வேலை சாஃப்ட்வேர். ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால், எங்கே நேரம் போகிறது என்று முதலில் அளப்போம். இங்கேயும் அதையே செய்தோம். இந்தியா போகும்போது பெட்டியின் எடை பார்க்கிற தராசு வீட்டில் இருந்தது. அதைக் கயிற்றில் மாட்டி ஸ்லெட்டை இழுத்தோம். எண்ணை எழுதிக்கொண்டோம்.

பிறகு யோசித்தோம். நமக்குப் பலம் போதவில்லையா, அல்லது ஸ்லெட் தரையில் உரசுவது அதிகமா? இரண்டு பொருள்கள் உரசும்போது நகரவிடாமல் தடுக்கும் விசைக்குப் பெயர் உராய்வு. அதைக் குறைக்க வேண்டும்!

கராஜ் சேலில் ஒரு ஜோடி பழைய ஸ்கீ வாங்கினோம். மரச்சட்டத்தில் ஒரு மேடை செய்து, அதன் அடியில் ஸ்கீக்களைப் பொருத்தினோம். ஸ்லெட்டை மேலே வைத்துக் கட்டினோம். இப்போது பனியைத் தொடுவது இரண்டு வழவழப்பான ஸ்கீக்கள் மட்டும்தான். ஏரிக்குப் போய் இழுத்தால், தராசு காட்டிய எண் பாதிக்கும் கீழே! கயிற்றையும் நீளமாக்கி இடுப்பில் கட்டினோம். கைகளுக்குப் பதில் கால்கள் வேலை செய்தன. ஆழமான புதுப்பனியில் மட்டும் ஸ்கீக்கள் புதைந்துவிடும். அந்த நாளில் மேடையைக் கழற்றிவிடுவோம்.

இது புது யோசனை இல்லை. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்து ஓவியம் ஒன்றில், பெரிய சிலையை ஸ்லெட்டில் வைத்துப் பலர் இழுக்கிறார்கள். ஒருவர் மட்டும் முன்னால் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ஏன்? அளவாக ஈரமான மணலில் இழுக்கத் தேவையான விசை பாதியாகக் குறையும் என்று 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சோதித்துக் காட்டினார்கள்.

இப்போது கயிறு யார் இடுப்பில் தெரியுமா? என் மகள் இடுப்பில்! "நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போகிறாள்.

நீங்களும் செய்து பாருங்கள். ஓர் அட்டைப்பெட்டியில் புத்தகங்களை வையுங்கள். அதை ரப்பர் பேண்டால் கார்ப்பெட்டில் இழுங்கள். பிறகு வழவழப்பான தரையில் இழுங்கள். ரப்பர் பேண்ட் எங்கே அதிகமாக நீள்கிறது? அளந்து எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.