பழைய காரும் ஒரு மெல்லிய தகடும்



பழைய கார் வாங்குவோர் வண்ணத்தையும் இருக்கையையும் கண்டு மகிழ்வதை நாம் ஜெயமங்கலத்தில் கண்டிருக்கிறோம். ஆனால் காமக்காபட்டி வழியே கொடைக்கானல் மலையேறும்போதுதான் எஞ்சினின் உண்மை நிலை புலனாகும்.

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடராயினும் பிற காராயினும், எஞ்சினின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே கேஸ்கட் என்னும் மெல்லிய தகடு உண்டு. எரிதலின் அழுத்தம் வெளியேறாமலும், தண்ணீரும் ஆயிலும் கலவாமலும் காப்பது இதுவே. மிகுந்த சூடு இதனைச் சிதைத்துவிடும்.

வாங்குமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஆயிலைப் பாருங்கள். அது பால் கலந்த காப்பிபோல் இருந்தால் ஐயுறுங்கள். ஒழுகலின்றித் தண்ணீர் குறைதல், சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை, ரேடியேட்டரில் இடைவிடாத குமிழிகள் ஆகியனவும் அடையாளங்களே.

வழியில் எஞ்சின் கொதித்தால் உடனே நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினால் ஹெட் வளையும். தகட்டோடு முடியவேண்டிய செலவு எஞ்சினையே விழுங்கும். நல்ல மெக்கானிக் ஹெட்டின் மட்டத்தைச் சோதித்து, வேண்டுமாயின் கடைந்து, புதிய கேஸ்கட்டைப் பொருத்தி, போல்ட்டுகளை உரிய வரிசையில் முறுக்குவார்.

விற்போருக்கும் ஒரு சொல்: வாங்குகிறவரும் பிள்ளைகுட்டிகளோடு மலையேறுகிறவரே. அறிந்த குறையை மறைப்பது சாமர்த்தியமன்று, அநீதி.