முதலில் தோப்புக்கு வா

அன்புள்ள கண்ணு,

கோடை விடுமுறையில் பார்வையற்ற பிள்ளைகள் 25 பேரை வேட்டங்குடிச் சரணாலயத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். போன மாதம் கண்மாய்க் கரையில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாயே, கன்றுக்குட்டியையா ஓட்டிப்போகிறாய்? உன் முழங்கைக்கு மேலே நான் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவேன். நீ பள்ளத்தில் இறங்கினால் உன் கையும் இறங்கும், எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டுப்பார், அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

அன்றைக்கு அரசமரத்தடியில் உன் கூட்டாளிகள் குக்குறுவானைத் தேடிப் பத்து நிமிஷம் அலைந்தார்கள், நினைவிருக்கிறதா? செப்புக்குடத்தைத் தட்டுகிற மாதிரி அது டொங் டொங் என்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தர் வலது கிளை என்கிறார், இன்னொருத்தர் இடது என்கிறார். அலகை மூடிக்கொண்டே கூவுகிற பறவை அது. தலையைத் திருப்பத் திருப்பச் சத்தமும் இடம் மாறுகிற மாதிரி இருக்கும். நான் பாட்டுக்கு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தூரத்தில் இன்னொன்று பதில் சொன்னதை உங்களில் எவரும் கவனிக்கவில்லை. பேச்சுச் சத்தம் அப்படி.

இப்போது வேட்டங்குடிக்கு வருகிறேன். கோடையில் அங்கே என்ன இருக்கும்? மழைக்குப் பிறகு கண்மாய் நிறைந்தால்தான் பறவை வரும், கூடு கட்டும். அப்படியே வந்தாலும், நீ வாய் ஓயாமல் புகழ்கிற நத்தைகுத்தி நாரைக்குக் குரலே இல்லை என்று சொல்லலாம். கூட்டில் அலகைத் தட்டும், அவ்வளவுதான். கண்ணுக்குப் பெரிய விருந்தாக இருப்பது காதுக்கு வெறும் இலையாக இருக்கலாம், அப்பா. ஆனால் அந்த ஊரை விட்டுவிடாதே. பறவை பயந்துபோகும் என்று தீபாவளிக்கு வெடி போடாத பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களிடம் பிள்ளைகள் பேச வேண்டும். கார்த்திகையில் கூட்டிப்போ.

சித்திரைக்கு நம் மாந்தோப்பு போதும். விடியற்காலையில், ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். குயில் கூவக்கூவச் சுருதி ஏறும், அது ஆண். அடுத்த மரத்தில் கிக் கிக் கிக் என்று பதறுவது பெண். ஏழு வயதில் நீ என் மடியில் உட்கார்ந்துகொண்டு, பாடுவது பெண்குயில்தான் என்று சண்டை போட்டாய். தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தால் பிள்ளைகள் சிரித்தே விடுவார்கள், உன் பெரியம்மாக்கள் கூடின மாதிரி இருக்கும்.

பனைமரத்தடியில் விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூடு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று பாதியில் விட்டது. கையை உள்ளே விட்டால் நார் முடிச்சும், சுவரில் அப்பின களிமண்ணும் தட்டுப்படும். அதைத் தடவிப் பார்க்க ஒவ்வொருத்தருக்கும் நேரம் கொடு, அவசரப்படுத்தாதே. மீன்கொத்தி நீலம் என்று சொல்லவும் தயங்காதே. நிறம் என்றதும் நீ பேச்சை விழுங்குவது எனக்குத் தெரிகிறது. ஒன்பது வயதுவரை பார்த்தவள் நான். பிறவியிலேயே பார்க்காதவர்களும் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்கள்.

நீ என் போனில் போட்டுக்கொடுத்த மெர்லின் செயலி நல்ல ஆள்தான். 2021இலிருந்து அது குரலைக் கேட்டே பெயர் சொல்கிறதாமே. ஆனால் பறவை பாடும்போதே போனும் கூடப் பேசினால் எதைக் கேட்பது? ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன், அதுவும் நானாகப் பெயரை யோசித்த பிறகுதான். பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கூடு கட்டுகிற நேரத்தில் எதிரி வந்துவிட்டது என்று அது அலைக்கழியும்.

உருகுவேயில் பிறந்த ஹுவான் பாப்லோ குலாஸோவைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பறவைக் குரல்களைப் பதிவுசெய்வதையே தொழிலாக்கிக்கொண்டவர். உதவிக்கு வருகிறவர்களிடமும் சொல். பரிதாபப்பட்டுக்கொண்டு வருகிறவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

பங்குனிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. நீ கண்ணைக் கட்டிக்கொள், நான் முன்னால் நடக்கிறேன்; தோப்பில் எங்கே வேர் தடுக்குகிறது என்று உனக்கே தெரியட்டும். என் தூக்குவாளி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மறக்காமல் எடுத்து வா.

உன் அத்தை